அல்லிக்கு எதிரே முப்பது நாள்

“நான் தொண்டை கிழியக் கத்துறேன். ஒருத்தனுக்கும் ஏற மாட்டேங்குது. நீங்க வாயே திறக்கிறதில்ல. உங்க பிள்ளைங்க மூணே மாசத்துல குதிரையும் ஆளும் ஒண்ணா ஆயிடுறாங்க. அது என்ன வித்தை மேடம்?”

ஏகாம்பரம் இதைக் கேட்டபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. இருபத்தாறு வருஷம் குதிரைப் போலீஸில் இருந்தவர். ஒரு குதிரைகூட அவரைக் கீழே தள்ளியதில்லை.

ஜுலைகா அவரைவிடப் பதின்மூன்று வயது சிறியவர். லாடம் அடிக்கிறவரின் மகள். மலையடிவாரத்தில் இருந்த அந்தக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பன்னிரண்டு வருஷமாகக் குதிரையேற்றம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் அங்கே இரண்டாவது ஆசிரியராகச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

ஜுலைகா ஒரு குதிரையின் குளம்பைத் தூக்கி மடியில் வைத்து, இடுக்கில் இருந்த சேற்றை நோண்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“நாளைக்குக் காலையில என் வகுப்புக்கு வாங்க சார். வேலிக்கு வெளியே நில்லுங்க.”

மறுநாள் ஏகாம்பரம் போய் நின்றார்.

எட்டுக் குதிரைகள். எட்டுப் பிள்ளைகள். மணல் திடலின் நடுவே ஜுலைகா, கைகளைப் பின்னால் கட்டியபடி.

குதிரைகள் நடந்தன. பிறகு துள்ளோட்டம் போட்டன. பிறகு பாய்ச்சலுக்கு மாறின.

அரை மணி நேரத்தில் ஜுலைகா மூன்று சொற்கள்தான் சொன்னார். ஏகாம்பரம் எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு பையனிடம் “தோள்” என்றார். ஒரு பெண்ணிடம் “பார்வை” என்றார். இன்னொரு பெண்ணிடம் “ம், அதுதான்” என்றார். அதை ஒரு சொல்லாகவே ஏகாம்பரம் கணக்கில் வைத்துக்கொண்டார்.

இதில் என்ன இருக்கிறது என்று அவர் நினைத்தார்.

எட்டுக் குதிரைகளும் முழுப் பாய்ச்சலில் இருந்தன. மணல் எழும்பி வெயிலில் பொன்னாய் நின்றது. தரை அதிர்வது ஏகாம்பரத்தின் உள்ளங்காலில் தெரிந்தது.

ஜுலைகா கண்களை மூடினார். ஒரு நீண்ட மூச்சை வெளியே விட்டார். அவர் தோள்கள் மெல்லத் தாழ்ந்தன.

எட்டுக் குதிரைகளும் இரண்டு எட்டு வைத்து நின்றன.

யாரும் கடிவாளத்தை இழுக்கவில்லை. யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. எழும்பிய மணல் மட்டும் நிற்கத் தெரியாமல் கொஞ்ச தூரம் போய், அப்புறம் உட்கார்ந்தது.

அவ்வளவு அமைதி. எங்கோ ஒரு அணில் கத்துவது கேட்டது.

ஏகாம்பரத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டார். கோயிலில் நடை திறக்கும்போது வருமே, அப்படி ஒன்று நெஞ்சுக்குள் ஏறி இறங்கியது.

வகுப்பு முடிந்ததும் ஓடிப்போய்க் கேட்டார்.

“எப்படி மேடம்?”

“மூச்சு விட்டேன் சார்.”

“அது எனக்கும் தெரிஞ்சது. எப்படி?”

“நான் விட்டேன். பிள்ளைங்க விட்டாங்க. குதிரைங்க கேட்டுச்சு.”

“அவ்வளவுதானா?”

“குதிரை முதுகுல ஒரு ஈ உட்கார்ந்தா அதுக்குத் தெரியுது. மேல உட்கார்ந்திருக்கிறவன் மூச்சு தெரியாதா?”

ஏகாம்பரம் தலையாட்டினார். இது நமக்கும் வரும் என்று தோன்றியது.

*

அன்று மாலையே தன் வகுப்பில் அதைச் செய்து பார்த்தார்.

குதிரைகள் துள்ளோட்டத்தில் இருந்தன. ஏகாம்பரம் நடுவே போய் நின்றார். கண்களை மூடினார். நெஞ்சு நிறைய இழுத்து, ஊரே கேட்கும்படி மூச்சு விட்டார்.

குதிரைகள் ஓடிக்கொண்டே இருந்தன.

இன்னொரு தடவை விட்டார்.

யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். சிரிப்பு ஒரு குதிரையிலிருந்து அடுத்த குதிரைக்குத் தாவியது.

ஏகாம்பரம் கண்களைத் திறந்தபோது முகம் கறுத்திருந்தது. “இன்னிக்குப் போதும். இறங்குங்க” என்றார்.

எல்லாரும் போன பிறகும் ஒரு பெண் மட்டும் நின்றாள். தாட்சாயணி, இரண்டாம் ஆண்டு. அருப்புக்கோட்டைக்காரி. குதிரையை முதன்முதலில் பார்த்ததே இந்தக் கல்லூரியில்தான். அவள் சிரிக்கவில்லை.

“சார், எனக்கு இன்னும் பாய்ச்சல் வரல. கொஞ்ச நேரம் சொல்லித் தர்றீங்களா?”

அவள் ஏறியிருந்தது அல்லி. பந்தயத்தில் ஓடி ஓய்ந்து, கல்லூரிக்கு வந்த சாம்பல் நிறப் பெட்டை. குழந்தையை ஏற்றினாலும் குழந்தைக்கேற்ப நடக்கும் என்று பேர்.

“சரி, போ. வட்டமாப் போ” என்றார் ஏகாம்பரம். கையில் நீளச் சாட்டை இருந்தது. வகுப்பில் அவர் அதைக் காற்றில் சொடுக்குவது வழக்கம். குதிரைகளுக்கும் பிள்ளைகளுக்கும் அந்தச் சத்தம் பழகிப்போயிருந்தது.

அல்லி துள்ளோட்டத்தில் போயிற்று. பாய்ச்சலுக்கு மாறவில்லை. மேலே இருந்தவளுக்கு அதைக் கேட்டு வாங்கத் தெரியவில்லை. அல்லி அவளுக்காகக் காத்திருந்தது.

“விரட்டு!” என்று கத்தினார். “குதிகாலால குத்து! விரட்டு!”

சிரிப்பு இன்னும் அவர் காதில் இருந்தது.

சாட்டை காற்றில் சொடுக்கவில்லை. அல்லியின் பின்காலில் விழுந்தது.

அடுத்த நொடி அல்லி வானத்துக்குக் கிளம்பியது. தாட்சாயணி மணலில் கிடந்தாள். அவள் இடது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

*

காறை எலும்பு முறிந்திருந்தது. ஆறு வாரம் கட்டு என்றார்கள்.

ஏகாம்பரம் அறிக்கை எழுதினார். ‘பயிற்சியின்போது குதிரை காரணமின்றி மிரண்டது.’ கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. திரும்பவும் மூடினார்.

தன் முதுகுக்குப் பின்னால் நடந்தது எதுவும் தாட்சாயணிக்குத் தெரியாது. சத்தம் கேட்டது, பறந்தாள், விழுந்தாள். திடலில் வேறு யாரும் இல்லை.

செய்தி கேட்டு ஜுலைகா வந்தார். நேராக லாயத்துக்குப் போனார். அல்லியின் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றார். வெளியே வந்தார்.

“பொண்ணு எப்படி இருக்கா?” என்று மட்டும் ஏகாம்பரத்திடம் கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அல்லி யாரையும் அண்டவிடவில்லை. ஆள் நிழல் பட்டாலே மூலைக்குப் போய் நின்று நடுங்கியது. சேணத்தைக் கண்டால் பின்னங்கால் இரண்டையும் தூக்கியது.

கல்லூரி முதல்வர் பழனிக்குமார் வந்து பார்த்துவிட்டு ஜுலைகாவிடம் சொன்னார்.

“மாசக் கடைசியில குழு கூடுது. அதுக்குள்ள இது வழிக்கு வரணும். இல்லைன்னா பிள்ளைங்க நடமாடுற இடத்துல இதை வச்சுக்க முடியாதும்மா. ஒருத்தர் கேட்டுக்கிட்டிருக்கார். கல்யாண ஊர்வலத்துக்கு விடுறவர். அவருக்குக் கொடுத்துடலாம்.”



ஏகாம்பரம் கேட்டுக்கொண்டு நின்றார். கல்யாண ஊர்வலம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். பேண்டு வாத்தியம். டியூப் லைட்டுகள். நாலு பக்கமும் ஆட்டம். ஒவ்வொரு தெருமுனையிலும் காதுக்குப் பக்கத்தில் சரவெடி.

அன்று மாலை அவர் ஜுலைகாவைத் தேடிப் போனார்.

“அந்தக் குதிரையை நான் வழிக்குக் கொண்டு வர்றேன் மேடம். என் வகுப்புல நடந்தது. எப்படின்னு மட்டும் சொல்லிக் கொடுங்க.”

ஜுலைகா முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தார்.

“பேசாம இருக்க முடியுமா சார்?”

“எவ்வளவு நேரம்?”

“முப்பது நாள்.”

“முப்பது நாளா!”

“லாயத்துக்குப் பின்னாடி மூங்கில் அடைப்பு இருக்கே, அதுல அல்லியை விடுறேன். நீங்க காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் உள்ளே போய் உட்காருங்க. பேசக் கூடாது. கூப்பிடக் கூடாது. நாக்கால சொடக்குக்கூடப் போடக் கூடாது. கையில ஒண்ணும் இருக்கக் கூடாது. கொள்ளும் கூடாது, வெல்லமும் கூடாது.”

“வேற என்ன பண்ணணும்?”

“அவ்வளவுதான்.”

“சேணம் எப்ப போடுறது?”

ஜுலைகா போய்விட்டார்.

*

முதல் நாள் ஏகாம்பரம் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். அல்லி எதிர் மூலைக்குப் போய்ப் பின்பக்கத்தைக் காட்டி நின்றது. அதன் தோல் அலையலையாய் நடுங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாளும் அப்படித்தான்.

மூன்றாம் நாள் அவருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்த அந்தக் கணமே அல்லியின் காதுகள் பின்னால் படிந்தன. அவர் விரலைக்கூட அசைத்திருக்கவில்லை.

அவர் கொஞ்சம் பயந்துபோனார்.

ஆறாம் நாள் மழை. அடைப்புக்குள் இருந்த கொட்டகையின் அந்த ஓரத்தில் அது, இந்த ஓரத்தில் இவர். நடுவே கூரையிலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக இறங்கியது.

ஒன்பதாம் நாள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். விழித்தபோது அல்லி முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பார்த்ததும் திரும்பிக்கொண்டது.

பதினான்காம் நாள் வெளியே வந்து ஜுலைகாவிடம் முறையிட்டார்.

“ஒண்ணுமே நடக்கல மேடம்.”

“என்ன நடக்கணும்?”

“அது என்கிட்ட வரணும்.”

“நீங்க வந்துட்டீங்களா?”

“நானா? நான் தினமும் நாலு மணி நேரம் அங்கதானே உட்கார்ந்திருக்கேன்!”

ஜுலைகா புல்லுக்கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.

அந்த வார்த்தை ஏகாம்பரத்தின் தொண்டையில் முள்ளாய் மாட்டிக்கொண்டது. நீங்க வந்துட்டீங்களா?

பதினைந்தாம் நாள் அதையே யோசித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்போதுதான் கவனித்தார். உடம்பு இங்கே வாளியின் மேல் இருந்தது. மனசு முழுக்கத் திடலில் இருந்தது. கை திரும்பத் திரும்பச் சாட்டையை ஓங்கிக்கொண்டிருந்தது. திரும்பத் திரும்ப அந்த அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தது.

பதினேழாம் நாள் அவருக்குப் போலீஸில் இருந்த தன் குதிரை நினைவுக்கு வந்தது. பதினொரு வருஷம் ஏறியிருக்கிறார். எத்தனை கூட்டம், எத்தனை ஊர்வலம். ஒரு சொல்லுக்கு நிற்கும், ஒரு சொல்லுக்குக் கிளம்பும்.

அதற்கு எங்கே சொறிந்தால் பிடிக்கும் என்று யோசித்துப் பார்த்தார்.

தெரியவில்லை.

பதினொரு வருஷம்.

அன்று அவர் வாளியிலிருந்து எழுந்து தரையில் உட்கார்ந்தார். சாணமும் ஈரமுமாக இருந்தது. உட்கார்ந்தார்.

இருபதாம் நாள் அல்லி மூச்சு விடும் சத்தம் கேட்டது. இத்தனை நாளும் அது மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். அன்றுதான் கேட்டது. அகலமான, மெதுவான மூச்சு. கரைக்கு வந்து திரும்பும் அலைபோல. கேட்டுக்கொண்டே இருந்தார். எப்போது தன் மூச்சும் அந்த அளவுக்கு நீண்டது என்று அவருக்குத் தெரியாது.

இருபத்திரண்டாம் நாள் அது மூலையில் நிற்கவில்லை.

இருபத்து நான்காம் நாள் நடுவில் நின்று புல் தின்றது.

இருபத்தாறாம் நாள் காலை.

மலைக்கு மேலே அப்போதுதான் வெளுத்துக்கொண்டு வந்தது. ஏகாம்பரம் தரையில் உட்கார்ந்திருந்தார். எதையும் எதிர்பார்க்கவில்லை. எதையும் நினைக்கவும் இல்லை. பனி மூங்கிலில் இருந்து சொட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மணலில் ஒரு குளம்பு வைக்கும் சத்தம்.

இன்னொன்று.

அவர் திரும்பவில்லை.

பின் கழுத்தில் சூடாக ஒரு மூச்சு பட்டது. நின்றது. யோசித்தது. மறுபடி பட்டது.

பிறகு அவ்வளவு பெரிய தலை, மெல்ல மெல்ல இறங்கி, அவர் தோளில் வந்து அமர்ந்தது. முழுப் பாரத்தையும் வைத்தது. கண்ணை மூடியது.

அதன் இமை மயிர் அவர் காதை உரசியது.

ஏகாம்பரம் கல்லாய் உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு வருஷம் குதிரை மேல் இருந்தவர். ஆயிரம் கிலோமீட்டர், பத்தாயிரம் கிலோமீட்டர் போனவர். முதல் தடவையாக ஒரு குதிரையைப் பார்க்கிறோம் என்று தோன்றியது. அதுவும் பார்க்காமல்.

மலைமேல் சூரியன் வந்தது. அல்லியின் சாம்பல் உடம்பிலிருந்து ஆவி எழுந்தது. கிட்டே எரியும் கற்பூரம்போல அதன் பிடரி முழுக்க ஒளி ஏறியது.

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடையில் சொட்டியது. துடைக்கக் கையைத் தூக்கவில்லை. தூக்கினால் இது கலைந்துவிடும்.

*

அது தானாக விலகிய பிறகுதான் எழுந்தார். எழுந்ததும் ஓடினார். ஐம்பத்தொரு வயதில் அப்படி ஓடினார்.

ஜுலைகா தீவனத் தொட்டியில் கொள்ளைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

“வந்துச்சு மேடம்!” ஏகாம்பரத்துக்கு மூச்சு வாங்கியது. “தானா வந்துச்சு. தோள் மேல தலையை வச்சுச்சு. அரை மணி நேரம். அது எல்லாத்தையும் மறந்துடுச்சு மேடம்!”

ஜுலைகா அவரைப் பார்த்தார்.

“குதிரைக்கு மறதி கிடையாது சார்.”

கூடையைத் தட்டிக் கடைசிக் கொள்ளையும் கொட்டினார்.

“அடிச்ச இடம், அடிச்ச கை, அடிச்ச ஆளோட வாசனை. சாகிற வரைக்கும் வச்சிருக்கும்” என்றார் ஜுலைகா.

காலிக் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஏகாம்பரம் அங்கேயே நின்றார். தோளில் அந்தப் பாரம் இன்னும் இருந்தது. ஈரமும் இருந்தது.

மறக்காமல் வந்திருக்கிறது.

தெரிந்தே வந்திருக்கிறது.

அன்று அவரால் சாப்பிட முடியவில்லை. மறுநாள் அடைப்புக்குள் போனார். அல்லி உடனே கிட்டே வந்தது. அவர் அதன் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டார்.

*

மாசக் கடைசி. குழு கூடியது.

திடலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முதல்வர் பழனிக்குமாரும் இரண்டு பேராசிரியர்களும் உட்கார்ந்தார்கள். கொஞ்சம் தள்ளி, மரத்தடியில், கல்யாண ஊர்வலத்துக்காரர் நின்றார். நல்ல மனுஷர்தான் போலிருந்தது. கையில் புதுக் கயிறு வைத்திருந்தார். சரிகை வைத்த முகபடாமும் கொண்டுவந்திருந்தார்.

அல்லியை ஜுலைகா கொண்டுவந்து நிறுத்தினார். புதிய ஆட்களைக் கண்டு அது காதை விறைத்தது. ஆனாலும் நின்றது.

முதல்வர் அறிக்கையை எடுத்தார். “காரணமின்றி மிரண்டதுன்னு இருக்கு. காரணமில்லாம மிரள்ற குதிரையை எப்படிம்மா நம்புறது? இன்னிக்கு நிற்குது. நாளைக்கு இன்னொரு பிள்ளை விழுந்தா?”

ஏகாம்பரம் ஜுலைகாவைப் பார்த்தார். ஜுலைகா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது வேலிக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“சார், நான் ஒண்ணு சொல்லலாமா?”

தாட்சாயணி. இடது கை கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கியது. ஒரு மாதத்தில் முகம் பாதியாகியிருந்தது.

“சொல்லும்மா.”

“தப்பு குதிரை மேல இல்ல சார். என் மேலதான். எனக்குச் சரியா உட்காரத் தெரியல. ஏகாம்பரம் சார் குதிகாலால குத்துன்னு சொன்னார். நான் பயத்துல தப்பா எங்கேயோ குத்திட்டேன்னு நினைக்கிறேன். அதுக்கு வலிச்சிருக்கும். அதான்.” அவள் அல்லியைப் பார்த்தாள். “இதை அனுப்பிடாதீங்க சார். நான் வேணும்னா குதிரையேற்றத்தை விட்டுடுறேன். இனிமே ஏறவே மாட்டேன்.”



முதல்வர் பேனாவை எடுத்தார். “அப்போ பயிற்சியாளரோட தவறில்ல, மாணவியோட—”

“சார்.”

ஏகாம்பரத்தின் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. முப்பது நாள் அடக்கி வைத்த குரல். அதில் கத்தல் இல்லை.

“குதிரை மிரளல சார். நான் மிரட்டினேன்.”

முதல்வர் நிமிர்ந்தார்.

“என்ன சொல்றீங்க?”

“சாட்டையால அடிச்சேன். பின்கால்ல. அன்னிக்குப் பிள்ளைங்க என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. அந்தக் கோபம். இந்தப் பொண்ணு சிரிக்கல. குதிரையும் சிரிக்கல. ரெண்டு பேர் மேலயும் காட்டினேன்.” அவர் தொப்பியைக் கழற்றினார். “அறிக்கை பொய் சார். நான் எழுதினது பொய்.”



ஏகாம்பரம் தாட்சாயணியின் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அவள் முந்திக்கொண்டாள்.

“ஒரு மாசமா நான் தூங்கல சார்.”

“அம்மா...”

“ஒவ்வொரு ராத்திரியும் என் கால் எங்க பட்டுச்சுன்னு யோசிச்சுக்கிட்டே கிடந்தேன். எங்க அப்பா வீட்டுக்கு வந்துடுன்னு கூப்பிட்டார். நான் இதுக்கு லாயக்கில்லன்னு அவர்கிட்ட சொன்னேன்.” அவள் அவரை நேராகப் பார்த்தாள். “நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தீங்க. ஆப்பிள் வாங்கிட்டு வந்தீங்க.”

அவர் தலை குனிந்து நின்றார். அவள் அவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி அவர் கேட்கவும் இல்லை.

தாட்சாயணி வேலியைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். அவரைத் தாண்டிப் போனாள். அல்லியின் முன்னால் போய் நின்றாள். நல்ல கையைத் தூக்கத் தயங்கினாள்.

அல்லி கழுத்தை நீட்டி, அவள் தோள்கட்டை முகர்ந்தது. கட்டின் மேலே, எலும்பு முறிந்த இடத்தில், ரொம்ப மெதுவாக மூக்கை வைத்தது. வைத்தபடியே நின்றது.

அங்கே இருந்த ஏழு பேரில் ஒருவரும் மூச்சு விடவில்லை. ஊர்வலத்துக்காரர் தன்னை அறியாமல் செருப்பைக் கழற்றினார்.

*

முதல்வர் முடிவைச் சொல்ல நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அல்லி இருக்கும். ஏகாம்பரம் ஒரு வருஷத்துக்கு வகுப்பு எடுக்கக் கூடாது. லாய வேலை பார்க்கலாம், விருப்பமிருந்தால். இல்லாவிட்டால் போகலாம்.

“இருக்கேன் சார்” என்றார் ஏகாம்பரம்.

ஊர்வலத்துக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார். நாற்காலிகளை எடுத்துப் போனார்கள். தாட்சாயணி அல்லியோடு லாயம் வரை நடந்தாள். கயிற்றைப் பிடிக்காமல், பக்கத்தில்.

ஏகாம்பரம் தண்ணீர்த் தொட்டியருகே ஜுலைகாவைக் கண்டார். வாளியில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்.

“உங்களுக்கு எப்பத் தெரியும் மேடம்?”

“அன்னைக்கே. பின்கால்ல ஒரு கோடு இருந்துச்சு.”

“அன்னைக்கேவா?”

“ம்.”

“அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னை அன்னைக்கே வெளியே அனுப்பியிருப்பாங்க. அல்லிக்கு இந்த ஆபத்தே வந்திருக்காது.”

“ஆமா.”

“அப்போ ஏன்?”

“இழுத்துக்கிட்டு வந்தா, அது வந்ததாகாது சார்.”

ஏகாம்பரம் குனிந்து பார்த்தார். தொட்டித் தண்ணீரில் மலை தலைகீழாய்க் கிடந்தது.

பிறகு ஒன்று அவருக்கு உறைத்தது.

“மேடம். நான் வாயே திறக்காம இருந்திருந்தா?”



ஜுலைகா வாளியைக் கீழே வைத்தார். திடலில் அவ்வளவு நேரமும் பின்னால் கட்டியிருந்த இரண்டு கைகளையும் ஏகாம்பரத்தின் முன்னால் நீட்டினார்.

அவை நடுங்கிக்கொண்டிருந்தன.